லேப்பராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் வாயு ஏற்றும்போது குழந்தையின் மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறையுமா?

குட்டிப்பையன்_அம்மா:

வணக்கம். என் மகனுக்கு 14 மாதம். ஒரு பக்க விரை பையில் இறங்கவில்லை, டாக்டர் தொட்டுப் பார்த்தும் கைக்குத் தட்டுப்படவில்லை. வயிற்றுக்குள்ளேயே நின்றிருக்கலாம், லேப்பராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியாகக் கேமரா விட்டுத் தேடுவோம், இருந்தால் அதே கையோடு இறக்கிவிட வழி பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். அது வரை சரி.

வயிற்றை உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவார்கள் என்று படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மூச்சில் வெளியே தள்ள வேண்டிய வாயுவை உள்ளே ஏற்றுகிறார்கள், அது ரத்தத்தில் கலக்கும், உப்பிய வயிறு நுரையீரலை மேலே தள்ளும், போதாக்குறைக்கு தலையைத் தாழ்த்தி வேறு படுக்க வைப்பார்களாம். இத்தனையும் சேர்ந்தால் மூளைக்கு ஆக்சிஜன் குறையாதா? நெற்றியில் ஒட்டி மூளையின் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு என்றும் படித்தேன், அதை வேண்டும் என்று கேட்கலாமா? இல்லை, வயிற்றைத் திறந்தே செய்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாமா? டாக்டரிடம் கேட்டால் "ஒண்ணும் ஆகாதும்மா" என்கிறார். ஏன் ஆகாது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

தூக்கம்_தருபவன்:

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

நேரடிப் பதில் முதலில். மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் குழந்தைக்கு, குறைந்த அழுத்தத்தில் வயிற்றில் செய்யும் லேப்பராஸ்கோப்பியில் மூளையின் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் குறைவதில்லை. அப்படியே நிற்கும், அல்லது சற்று ஏறும். ஏற்றிவிடுவது நீங்கள் பயப்படுகிற அதே கார்பன் டை ஆக்சைடுதான்.

மூளையின் ரத்தக் குழாய்கள் கார்பன் டை ஆக்சைடுக்கு உடனே அசைந்து கொடுப்பவை. ரத்தத்தில் அது கூடினால் விரியும், குறைந்தால் சுருங்கும். அது 1 மில்லிமீட்டர் பாதரச அளவு ஏறினால் மூளைக்குப் போகும் ரத்தம் ஏறக்குறைய 3, 4 சதவீதம் கூடும் என்பது நாங்கள் படிக்கும் காலத்திலேயே மனப்பாடம் செய்யும் கணக்கு. வயிற்றுக்குள் விட்ட வாயுவில் ஒரு பகுதி ரத்தத்தில் கரைகிறது, மூளைக் குழாய்கள் லேசாக விரிகின்றன, ரத்தம் கூடுதலாகப் போகிறது, ஆக்சிஜனும் அதோடு போகிறது. இன்னொரு பக்கம், மயக்கத்தில் இருக்கும் மூளை விழித்திருக்கும் மூளையை விடக் குறைவாகவே ஆக்சிஜனைச் செலவழிக்கும். வரவு கொஞ்சம் கூடி செலவு குறைந்தால் மிச்சம் ஏறத்தானே செய்யும்.

ஏன் இந்த வாயுவையே தேர்ந்தெடுத்தார்கள் என்றால், சாதாரணக் காற்றை ஏற்றி அது தப்பித் தவறி ஒரு ரத்தக் குழாய்க்குள் போனால் குமிழியாக அடைத்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனை விட 20 மடங்குக்கும் மேல் எளிதாகக் கரையும், கரைந்தது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். தீப்பிடிக்காது என்பதும் முக்கியம், உள்ளே மின்சாரக் கருவியால் சூடு வைத்துத்தான் ரத்தக் கசிவை நிறுத்துகிறார்கள்.

அப்படிக் கலந்ததை வெளியேற்றுவது வென்டிலேட்டரை வைத்திருக்கும் என் பொறுப்பு. மூச்சுக் குழாயிலேயே ஒரு அளவி இருக்கும், ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். ஏறினால் மூச்சின் எண்ணிக்கையையோ அளவையோ கூட்டுவேன். சிறு குழந்தைகளில் உடல் எடையோடு ஒப்பிட்டால் வயிற்று உள்சவ்வின் பரப்பு அதிகம், அதனால் பெரியவர்களை விட வேகமாக ஏறும், அதற்கேற்ப நாங்களும் கையை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டும். வாயுவை வெளியே விட்ட பிறகு கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அப்புறம் அழுத்தம். பெரியவர்களுக்கு 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏற்றுவார்கள். உங்கள் மகன் வயதுக்கு 6 முதல் 8, சில சமயம் 10 வரை. எனக்கு இந்த எண்தான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். அழுத்தம் குறைவாக இருக்கும்வரை கீழ் உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபடாது. அளவு மீறினால் வயிற்றிலுள்ள பெரிய சிரை நசுங்கும், இதயத்துக்கு வருவது குறையும், ரத்த அழுத்தம் விழும். மூளைக்கு நிஜமான ஆபத்து அந்த வழியில்தான் வரும். வாயுவை ஏற்றத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் சவ்வு இழுபடுவதால் சில குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு சட்டென்று மெதுவாகும், அதையும் எதிர்பார்த்தே நிற்போம். வாயுவை நிறுத்தி வெளியே விடச் சொன்னாலே பெரும்பாலும் சரியாகிவிடும், தேவைப்பட்டால் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து கையில் இருக்கும்.

தலையைத் தாழ்த்துவது பற்றி: இடுப்புப் பக்கம் வேலை என்பதால் குடல் மேலே சரிந்து வழிவிட வேண்டும், அதற்காகத்தான். தலையிலிருந்து ரத்தம் இறங்குவது கொஞ்சம் மெதுவாகும், மண்டைக்குள் அழுத்தம் சற்றுக் கூடும். ஆரோக்கியமான குழந்தை அந்த அளவுச் சரிவைத் தாங்கும். நான் அதில் அதிகம் பார்ப்பது மூச்சுக் குழாயின் நுனியைத்தான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் மேலே ஏறும்போது நுரையீரலும் மூச்சுக்குழலும் சேர்ந்து மேலே வரும், நாங்கள் செருகிய குழாய் ஒரு பக்க நுரையீரலுக்குள் மட்டும் போய் நின்றுவிடலாம், குழந்தைகளில் அந்தத் தூரமே மிகக் குறைவு. அதனால் வாயு ஏற்றியதும், சாய்த்ததும், ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் கேட்டுப் பார்ப்போம்.

குட்டிப்பையன்_அம்மா:

டாக்டர், மிக்க நன்றி. மூன்று முறை படித்தேன். ஒரு சந்தேகம். கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளைக்கு ரத்தம் கூடும் என்றால் அதை அப்படியே ஏற விட்டுவிடலாமே, ஏன் கஷ்டப்பட்டு வெளியேற்ற வேண்டும்?

தூக்கம்_தருபவன்:

நல்ல கேள்வி. ரொம்ப ஏறினால் ரத்தம் அமிலமாகும், நுரையீரல் ரத்தக் குழாய்கள் சுருங்கும், மண்டைக்குள் அழுத்தம் கூடும். அதனால் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை என்ற இயல்பான எல்லையை ஒட்டியே வைப்போம், சற்று மேலே போனால் பதறுவதில்லை.

ஆனால் மறுபக்கத் தவறுதான் அதிகம் கவலைப்பட வேண்டியது. ஏறிவிடுமோ என்று பயந்து வென்டிலேட்டரைத் தேவைக்கு மேல் ஓட்டினால் கார்பன் டை ஆக்சைடு இயல்புக்குக் கீழே இறங்கும், மூளைக் குழாய்கள் சுருங்கும், ரத்தம் குறையும். அந்த நேரம் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும், யாருக்கும் எதுவும் தப்பாகத் தெரியாது. குழந்தையின் ரத்த அழுத்தமும் கூடவே தாழ்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து கெடுதல்.

ஓயாத_சந்தேகம்:

டாக்டர் சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லா லேப்பராஸ்கோப்பியும் பத்திரம் என்பது போல எழுதுவது எனக்கு ஒப்புதல் இல்லை. 2013-ல் லண்டனில் செய்த ஒரு ஆய்வில், பிறந்த குழந்தைகளுக்குத் துளை வழியாக உதரவிதானக் குடலிறக்கத்தைச் சரிசெய்தபோது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் கடுமையாக ஏறின, திறந்து செய்த குழந்தைகளுக்கு அந்த அளவுக்கு ஏறவில்லை. தையல் சின்னதாக இருக்கிறது என்பதற்காக மூளையைப் பணயம் வைப்பானேன்? நானாக இருந்தால் திறந்தே செய்யச் சொல்வேன்.

தூக்கம்_தருபவன்:

ஆய்வு உண்மைதான், நீங்கள் சொன்ன முடிவும் உண்மைதான். ஆனால் அது நெஞ்சு, இங்கே பேசுவது வயிறு. நெஞ்சுக்குள் வாயு ஏற்றினால் அது நுரையீரலையே நேரடியாக அமுக்கும். உள்ளே வந்ததை வெளியேற்ற வேண்டிய உறுப்பையே பாதி முடக்கிவிட்டு வெளியேற்று என்றால் அது எப்படிச் செய்யும்? அதிலும் உதரவிதானக் குடலிறக்கத்தோடு பிறந்த குழந்தைக்கு நுரையீரல் பிறப்பிலேயே சரியாக வளர்ந்திருக்காது. அப்படிப்பட்ட, பிறந்து சில நாட்களே ஆன குழந்தையும், ஓடியாடும் 14 மாதப் பையனும் ஒன்றல்ல. மொத்தம் 20 குழந்தைகள் கொண்ட சிறிய ஆய்வு அது, அதையும் சொல்ல வேண்டும், ஆனாலும் அந்த எச்சரிக்கையை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

திறந்து செய்வதற்கும் விலை உண்டு. வலி கூடும், வலிக்கு மருந்து கூடும், எழுந்து ஓட நாளாகும். இந்தக் குழந்தைக்கு விரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அதைத் தேடுவதற்கு கேமராவை விட நல்ல வழி இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் விரையே வளராமல் போயிருக்கலாம், வாயு ஏற்றிய சில நிமிடங்களில் அது தெரிந்துவிடும்.

பயோமெடிக்கல்_ஆள்:

சென்சார் பற்றி யாரும் பேசவில்லை, அது என் பக்கம். இந்தக் கருவிகளைப் பராமரிப்பதும் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை.

அகச்சிவப்புக்குப் பக்கத்திலுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளியை நெற்றியில் விடுகிறோம். 700 முதல் 1000 நானோமீட்டர் வரை உள்ள அந்த ஒளி தோலையும் எலும்பையும் ஓரளவு கடந்து மூளையின் மேற்பகுதிக்குப் போய்த் திரும்பி வரும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினும் அந்த ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சும், திரும்பி வருவதை வைத்துக் கணக்குப் போடுகிறோம். இது முடியும் என்று முதலில் காட்டியவர் ஃப்ரான்ஸ் யோப்சிஸ், 1977-ல். குழந்தையின் மண்டையோடு மெல்லியது என்பதால் பெரியவர்களை விடக் குழந்தைகளிடம் இது இன்னும் வசதி.

இதில் திரையைப் பார்த்து எல்லாரும் மிரளும் இடம் ஒன்று இருக்கிறது. விரலில் மாட்டும் கருவி தமனியில் துடிக்கும் ரத்தத்தை மட்டும் பிரித்துப் பார்க்கும், அதனால் 98, 99 என்று காட்டும். நெற்றிச் சென்சார் அந்த இடத்திலுள்ள எல்லா ரத்தத்தையும் கலந்து பார்க்கும், அதில் பெரும்பகுதி சிரை ரத்தம், அதாவது மூளை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பியது. ஆகவே 60 முதல் 80 வரை இருந்தாலே இயல்பு. 68 என்று பார்த்துவிட்டு அய்யோ என் பிள்ளைக்கு ஆக்சிஜன் இல்லையே என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கம்பெனிக் கருவி சிரைக்கும் தமனிக்கும் 75-க்கு 25 என்று வைத்துக் கணக்குப் போடும், இன்னொன்று 70-க்கு 30 என்று போடும், அதனால் ஒரே குழந்தைக்கு இரண்டு கருவி இரண்டு எண் காட்டலாம். தனி எண்ணுக்கு அர்த்தம் கம்மி. தொடக்கத்தில் இருந்ததிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதுதான் பேச்சு, 20 சதவீதம் இறங்கினாலோ 50-க்குக் கீழே போனாலோ காரணம் தேடச் சொல்வார்கள்.

குறைகளும் உண்டு. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும்தான் பார்க்கிறது, மூளையின் பின்பக்கம் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. தோலில் ஓடும் ரத்தமும் கணக்கில் கலந்துவிடும். தலையைத் தாழ்த்தும்போது நெற்றியில் சிரை ரத்தம் தேங்கினால் எண் மாறும், மூளையில் ஒன்றுமே ஆகியிருக்காது. தொடக்க அளவை மயக்கத்துக்கு முன்பே எடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், ஒன்றரை வயதுக் குழந்தை நெற்றியில் ஒட்டியதைப் பிய்த்து எறியாமல் உட்கார்ந்திருந்தால் எடுக்கலாம்தான்!

அதனால் கேட்டு வாங்க வேண்டுமா என்றால், என் கருத்தில் இந்த அறுவைக்குத் தேவையில்லை. இதய அறுவையில், அதுவும் இதயத்தை நிறுத்தி இயந்திரத்தில் ஓட்டும்போது இது அருமையான கருவி, ஏனென்றால் நாடித் துடிப்பே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஆனால் கருவி இருந்துவிட்டால் முடிவு நன்றாகிவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மிகவும் குறைமாதத்தில் பிறந்த 1,601 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய பன்னாட்டு ஆய்வு 2023-ல் வெளிவந்தது, பிறந்த முதல் 3 நாட்கள் இந்தச் சென்சாரைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்ததால் மரணமோ கடுமையான மூளைப் பாதிப்போ குறையவில்லை. அது அறுவை சிகிச்சை பற்றியது அல்ல, வேறு குழந்தைகள், ஆனாலும் எண்ணைத் துரத்துவது வேறு, குழந்தைக்கு நல்லது நடப்பது வேறு என்று காட்டுகிறது.

தூக்கம்_தருபவன்:

பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒரு இடத்தில் மட்டும் இல்லை. பிறந்த குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை, மணிக்கணக்கில் நீளும் அறுவை என்றால் நான் நெற்றிச் சென்சார் போடுவேன். நான் முன்பே சொன்னேனே, கார்பன் டை ஆக்சைடு தாழ்ந்து மூளை ரத்தம் குறையும் நிலை, அதை விரல் கருவி காட்டாது, இது காட்டும்.

ஷன்ட்_அப்பா:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 6 வயது, மூளையில் நீர் தேங்கியதால் அதை வடிய வைக்க ஷன்ட் என்ற குழாய் வைத்திருக்கிறார்கள், அதன் மறுமுனை வயிற்றில்தான் இருக்கிறது. நாளைக்கு அவளுக்கு அப்பெண்டிக்ஸ் மாதிரி ஏதாவது வந்து லேப்பராஸ்கோப்பி என்றால் இந்த "சற்று ஏறும்" கதை அவளுக்கும் நல்லதா?

தூக்கம்_தருபவன்:

இல்லை சார், உங்கள் மகளுக்குக் கணக்கே வேறு. மூளைக்கு ரத்தம் கூடினால் மண்டைக்குள் இடம் நெருக்கடியாகும், அதை வடிய வைக்க வேண்டிய குழாயின் வாயிலோ வயிற்றில் ஏறிய அழுத்தம் எதிர்த்து நிற்கும். வால்வு ஒருவழிப் பாதை என்பதால் வயிற்று வாயு பின்னோக்கி மூளைக்கு ஏறுவதை அது தடுக்கும், ஆனால் வடிவது மெதுவாகலாம். ஷன்ட் உள்ள குழந்தைகளுக்கு லேப்பராஸ்கோப்பி செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் முடிந்திருக்கிறது, அதனால் கூடவே கூடாது என்று பொருள் இல்லை. அழுத்தத்தை முடிந்த மட்டும் குறைவாக வைப்பார்கள், கார்பன் டை ஆக்சைடை ஏற விடமாட்டார்கள், தலையைத் தாழ்த்துவதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். ஷன்ட் நன்றாக வேலை செய்கிறதா என்று நரம்பு அறுவை டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவசரத்தில் போனாலும் ஷன்ட் இருக்கிறது என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள், சீட்டில் எழுதியிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைகளுக்கும் இதே மாதிரித் தனிக் கணக்கு உண்டு, வாயுக் குமிழி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் கடந்து மூளைக்குப் போகும் வாய்ப்பு இருக்கிறது.

தியேட்டர்_சிஸ்டர்:

அம்மா, முடிந்த பிறகு என்ன பார்ப்பீர்கள் என்று நான் சொல்கிறேன், அதை யாரும் சொல்வதில்லை, பிறகு வார்டில் பயந்து அழுகிறார்கள். மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் உங்களை அடையாளம் தெரியாதது போலக் கத்தி, புரண்டு, உதைத்து அழும். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தாய்மார்கள் நினைத்துவிடுகிறார்கள். மயக்க வாயுவில் எழும் சிறு குழந்தைகளுக்கு இது சாதாரணம், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். முகம் லேசாக உப்பியிருந்தால் தலை தாழ்ந்திருந்ததால். பேசத் தெரிந்த குழந்தைகள் தோள் வலிக்கிறது என்பார்கள், மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, உங்கள் பையன் சொல்லத் தெரியாமல் சிணுங்குவான், வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுங்கள்.

ஆனால் அழுகை அடங்கின பிறகும் எழுப்ப முடியாத தூக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, உதடு நீலம், மூச்சில் திணறல், இவற்றில் எது இருந்தாலும் உடனே கூப்பிடுங்கள்.

ஓயாத_சந்தேகம்:

சரி, வாயுவை விடுங்கள். மயக்க மருந்தே மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறதே?

தூக்கம்_தருபவன்:

2016 டிசம்பரில் எச்சரித்தார்கள், 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கம், அல்லது பலமுறை கொடுக்கும் மயக்கம் பற்றி. அதற்கு அடிப்படை பெரும்பாலும் விலங்குகளிடம் செய்த ஆய்வுகள். கைக்குழந்தைகளிடமே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது: 7 நாடுகள், 722 குழந்தைகள், குடலிறக்க அறுவைக்கு ஒரு பாதிப் பேருக்கு முழு மயக்கம், மறுபாதிக்கு முதுகில் ஊசி போட்டு விழித்த நிலையிலேயே. முழு மயக்கம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்குள். 5 வயதில் அறிவுத்திறனை அளந்தார்கள், 2019-ல் முடிவு வந்தது, வித்தியாசம் இல்லை. இந்தப் பையனுக்கு ஒருவேளை இதை விடக் கொஞ்சம் நீளலாம், ஆனாலும் 3 மணி நேரத்துக்கு மேல் என்ற எச்சரிக்கைக்குள் வரும் வாய்ப்பு குறைவு. தள்ளிப்போடுவதிலும் நஷ்டம் இருக்கிறது, இறங்காத விரையை 18 மாதத்துக்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் பின்னால் குழந்தைப் பேறுக்கான திறன் குறைவதுதான்.

குட்டிப்பையன்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. சந்தேகம் சார், உங்களுக்கும்தான், நீங்கள் கேட்டதால் எனக்கும் பதில் கிடைத்தது. அறுவைக்கு முன் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். என்ன அழுத்தம் வைப்பீர்கள், தலையை எவ்வளவு தாழ்த்துவீர்கள், இந்த வயதுக் குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்பவர்தானா, இந்த மூன்றையும் கேட்கப் போகிறேன். போதுமா? என் பங்குக்கு நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

தூக்கம்_தருபவன்:

போதும். உங்கள் பங்கு ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கோட்டை விடுகிறார்கள். பட்டினி. பத்திரம் என்று நினைத்து முந்தின இரவிலிருந்தே சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் கொண்டுவருவார்கள். உடம்பில் நீர் வற்றிய குழந்தைக்கு மயக்கம் கொடுத்தாலே ரத்த அழுத்தம் இறங்கும், அதன் மேல் வயிற்றில் வாயுவும் ஏற்றினால் இன்னும் இறங்கும், மூளைக்குப் போகிற ரத்தம் அந்த அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. திட உணவுக்கும் புட்டிப் பாலுக்கும் பொதுவாக 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தெளிந்த தண்ணீருக்கு 2, சில இடங்களில் தண்ணீரை 1 மணி நேரம் முன்பு வரைகூட அனுமதிக்கிறார்கள். உங்கள் மருத்துவமனையில் என்ன கணக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதைத் தாண்டி எதுவும் கொடுக்க வேண்டாம், அதுவரை அனுமதித்த தண்ணீரைக் கொடுக்காமலும் விடாதீர்கள். அன்று பட்டியலில் அவன் பெயர் பின்னால் தள்ளிப்போனால் நர்சிடம் போய், இன்னும் தண்ணீர் கொடுக்கலாமா என்று மறுபடியும் கேளுங்கள். சளி, காய்ச்சல் வந்தால் முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.